லாபம், ரெண்டு, மூணு

வரவு செலவு: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: எங்கள் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது "ஒன்று" என்று சொல்லவே மாட்டார். "லாபம்" என்று ஆரம்பித்து ரெண்டு, மூணு என்று போவார். அப்படி எண்ணினால் ஒரு மரக்கால் கணக்கில் விட்டுப்போகாதா?
– வாலாஜாபாத் பக்கத்து வாசகர்

போகாது. அங்கே லாபம் என்றால் ஒன்று. முதல் மரக்காலை வெறும் எண்ணாகச் சொல்லாமல் மங்கலச் சொல்லாகச் சொல்லித் தொடங்குவது நம் பக்கத்துப் பழக்கம். கடையில் புதுக்கணக்கு போடும்போது பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியில் லாபம் என்று எழுதுகிறோமே, அதே எண்ணம்தான்.

வடமொழியில் லாபம் என்றால் பெற்றது, அவ்வளவே. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று வரும். நெல் குவிவதும் பணம் குட்டி போடுவதும் நம் ஆட்களுக்கு ஒரே சொல்லாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் உங்கள் தாத்தா ஏமாந்தவர் இல்லை. "லாபம்" என்று அளந்த அந்த முதல் மரக்காலிலிருந்தே விதைநெல்லும், ஏர்க்கூலியும், அறுப்புக்கூலியும் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாய்க்கு லாபம், மனசுக்கு ஒன்று. இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பாதி, முதல் மரக்காலையே நிஜ லாபம் என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எழுதியவை.

கேள்வி: வரவு, வருவாய், வருமானம், வரும்படி, ஆதாயம், லாபம். இவற்றுக்குள் என்ன வேறுபாடு? திங்கட்கிழமை தேர்வு.
– பி.காம். மாணவி, சின்ன காஞ்சிபுரம்

தேர்வுக்கு உங்கள் ஆசிரியர் சொன்னதை எழுதுங்கள் அம்மா. நான் சொல்வதை எழுதி மதிப்பெண் போனால் என் மேல் பழி வரும்.

பிழைப்புக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒரு சேலை போகிறது. வாங்கியவர் 21,000 ரூபாய் வைக்கிறார். கல்லாவில் விழுந்த அந்த 21,000 வரவு. அதில் 1,000 ரூபாய் ஜிஎஸ்டி, கடைக்காரருடையதே இல்லை. மீதி 20,000 விற்பனை. வருடம் முழுக்க இப்படி விற்றதைக் கூட்டினால் விற்றுமுதல். அந்தச் சேலையைக் கடைக்காரர் 16,500க்கு எடுத்திருந்தால் 3,500 மொத்த லாபம். வாடகை, கரண்ட், சேல்ஸ்மேன் சம்பளம், அந்த வாடிக்கையாளரைக் கோயில் வாசலிலிருந்து அழைத்து வந்தவருக்குக் கமிஷன் எல்லாம் போய் மிஞ்சுவது நிகர லாபம். மிஞ்சினால். அதுதான் கடைக்காரரின் வருமானம்.

நேற்று மச்சினனிடம் கைமாற்றாக வாங்கிய ஐயாயிரமும் வரவுதான். வருமானம் இல்லை. இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆதாயம் என்பது பெரும்பாலும் வீடு, மனை, பங்கு மாதிரி வைத்திருந்த சொத்தை விற்றதில் வந்த கூடுதலுக்கு. மூலதன ஆதாயம் என்கிறார்களே, அது. வருவாய் இன்று அரசாங்கத்தின் சொல்லாகிவிட்டது. வரும்படி பாவம், நல்ல குடும்பத்துச் சொல், சேர்க்கை சரியில்லாமல் கெட்டுப்போனது. "மேல் வரும்படி உண்டா?" என்று யாராவது மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் மேஜைக்கு அடியில் கை போகிறதா என்று அர்த்தம்.

கேள்வி: லாபமா, இலாபமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஓரிக்கை

லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம், ஆகவே இலாபம். இலங்கைப் பாடப்புத்தகங்களில் இன்றும் அப்படித்தான். நான் லாபம் என்று எழுதுகிறேன். எப்படி எழுதினாலும் தொகை மாறாது ஐயா.

கேள்வி: சங்கத்தை விட்டு விலகிச் சொந்தமாகத் தறி போட்டிருக்கிறேன். ஒரு பாவில் மூன்று சேலை. பட்டு, சரிகை, சாயம், பாவு ஓட்டும் கூலி எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் செலவு. மூன்றையும் ஒரு கடைக்கு 66,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். 45 நாளில் 24,000 ரூபாய் லாபம். சங்கத்தில் இதே சேலைக்குக் கூலி 6,500தான். ஆனால் என் மாமனார் "இதில் லாபமே இல்லை" என்று திட்டுகிறார். முதலுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினேன். கடைக்காரர் மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தார். யார் சொல்வது சரி?
– நெசவாளர், பிள்ளையார்பாளையம்

மாமனார் சொல்வது சரி. அவர் காலில் விழுந்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பட்டுக்கு எவ்வளவு, சரிகைக்கு எவ்வளவு என்று கிராம் கணக்காக எழுதியிருக்கிறீர்கள். சாயக்காரருக்குக் கொடுத்த டீ காசுகூட இருக்கிறது. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கூலி எழுதவில்லை. தறியில் உட்கார்ந்த ஆளுக்கு.

வாருங்கள், கணக்குப் போடுவோம். இதே மூன்று சேலையைச் சங்கத்துக்கு நெய்திருந்தால் 19,500 ரூபாய் கூலி வந்திருக்கும். அது உங்கள் உழைப்பின் விலை. முதல் போடாமல், ரிஸ்க் எடுக்காமல் வந்திருக்கக்கூடிய பணம். 24,000த்தில் அதைக் கழியுங்கள். 4,500. இப்போது வட்டி. 42,000த்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 840. நெய்த ஒன்றரை மாதம், கடைக்காரர் இழுத்தடித்த மூன்று மாதம், ஆக நாலரை மாதம். 3,780 ரூபாய். அதையும் கழியுங்கள். மிச்சம் 720.

மூன்று சேலைக்கு 720. சேலைக்கு 240 ரூபாய். இன்னும் தறிக்கு ஒரு பைசா எழுதவில்லை. அச்சு தேய்கிறது, விழுது அறுகிறது, ஜக்கார்டு அட்டை நைந்து கிழிகிறது. ஐப்பசி மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி, பாவு இழுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாட்களுக்கு யார் கூலி தருவது? அந்த 240இல் இவ்வளவும் அடங்க வேண்டும்.

இதில் இன்னொரு ஆள் காணாமல் போயிருக்கிறார். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுத்தது யார்? ஊடைக்குத் தார் சுற்றியது யார்? உங்கள் வீட்டம்மா. காலையில் இட்லிக்கு ஊற்றிவிட்டு ராட்டை முன் உட்கார்ந்து, நடுவில் எழுந்து குழம்பைக் கிளறிவிட்டு, மறுபடி ராட்டை. சங்கம் தரும் 6,500 உங்கள் இருவருக்கும் சேர்த்த கூலி. 19,500ஐ 45 நாளால் வகுத்தால் நாளுக்கு 433 ரூபாய், இரண்டு பேருக்கு. "24,000 லாபம்" என்று நீங்கள் மார்தட்டியபோது அந்த அம்மா உள்ளே என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. மாமனாருக்குத் தெரிந்திருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்.

இது உங்கள் ஒருவருடைய குற்றம் இல்லை. ஊரே இப்படித்தான் பேசுகிறது. வீட்டு ஆள் செய்தால் அது செலவில்லை என்று ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பையனைக் கோர்வைக்கு வைத்து நாளுக்கு 300 ரூபாய் கொடுத்துப் பாருங்கள், அது உடனே செலவாகிவிடும்; மனைவி செய்தால் அந்த 300 லாபமாகிவிடும். அதே நாடா, அதே கை அசைவு!

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஊதியம் என்றால் இன்று சம்பளம், கூலி. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948இல் வந்தது, அரசு ஊழியருக்கு ஊதிய உயர்வு. ஆனால் வள்ளுவர் அந்தச் சொல்லை லாபத்துக்குத்தான் வைத்திருந்தார். முதல் இல்லாத வணிகனுக்கு என்ன ஊதியம் வரப்போகிறது என்ற பொருளில் ஒரு குறளையே தொடங்குகிறார். அவருக்கு உரை எழுதிய பரிமேலழகர் நம்மூர்க்காரர், உலகளந்த பெருமாள் கோயில் அர்ச்சகர் மரபு என்று சொல்வார்கள். ஆக, லாபத்துக்கு இருந்த சொல்லைத் தமிழ்நாடு கூலிக்காரனிடம் கொடுத்துவிட்டது. நீங்கள் என்னடாவென்றால் கூலியைக் கொண்டுபோய் லாபத்திடம் கொடுக்கிறீர்கள்.

வள்ளுவர் லாபத்துக்கு ஆக்கம் என்றும் சொல்வார். வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலையே இழக்கும் காரியத்தில் புத்தியுள்ளவன் இறங்க மாட்டான் என்பது அவர் கருத்து. வட்டிக்கு வாங்கி, மூன்று மாதக் கடனுக்குச் சரக்கு கொடுக்கிறவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சொந்தத் தறியை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. உங்கள் கையில் வேலை இருக்கிறது. கணக்குதான் இல்லை. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றுக்குக் கூலி, இன்னொன்றுக்கு லாபம் என்று தலைப்பு. ஒவ்வொரு சேலை அறுத்ததும் இரண்டு பேர் கூலியை முதல் பத்தியில் எழுதிவிட்டுத்தான் இரண்டாவது பத்தியைத் திறக்க வேண்டும். அடுத்த முறை கடைக்காரரிடம் விலை பேசாதீர்கள், தவணை பேசுங்கள். கையில் காசு என்றால் மூன்று மாத வட்டி 2,520 மிச்சம். 720 அப்படியே 3,240 ஆகும். விலையில் அவர் 500 குறைக்கச் சொன்னால்கூட மூன்று சேலைக்கு 1,500தான் போகும். கொடுத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. வருமான வரிச் சட்டம் உங்கள் மாமனார் கட்சி இல்லை. சொந்தத் தொழில் செய்பவர் தனக்குத் தானே கூலி கொடுத்ததாக எழுதிச் செலவில் கழிக்க முடியாது. சட்டத்தின் கண்ணில் உங்கள் கூலியும் தொழில் லாபம்தான். ரிட்டர்னில் அப்படியே எழுதுங்கள். வீட்டு நோட்டில் நான் சொன்னபடி எழுதுங்கள். இரண்டும் பொய் இல்லை.

கேள்வி: ஜிஎஸ்டி சேர்த்து வாங்கும் தொகை முழுவதையும் விற்பனை என்று எழுதிவருகிறேன். தவறா?
– ஜவுளிக்கடைக்காரர், செவிலிமேடு

தவறு. 2017 ஜூலையிலிருந்து இதே தவறைச் செய்கிறீர்கள் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் தெரிகிறது. அந்த 5 சதவீதம் உங்கள் கல்லாவில் ராத்தங்கும் விருந்தாளி. தனிப் பக்கம் போட்டு எழுதுங்கள்.

கேள்வி: கல்யாணப் பட்டுக்கு மார்ச் மாதம் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கினேன். சேலையை மே மாதம்தான் கொடுப்பேன். இந்த வருட வருமானமா, அடுத்த வருடமா?
– பட்டு உற்பத்தியாளர், அய்யம்பேட்டை

சேலை கைமாறும்வரை அந்த 30,000 நீங்கள் பட்ட கடன். வருமானம் இல்லை.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சங்கம், பெயர் வேண்டாம். வருடக் கடைசியில் ஒரு பெரிய ஆர்டருக்கு முன்பணம் வந்தது. நான் அதை முழுக்க விற்பனையில் எழுதிவிட்டேன். அந்த வருடம் லாபம் அமோகம், எனக்குச் சால்வைகூடப் போட்டார்கள். அடுத்த வருடம் சேலைகள் வண்டி வண்டியாக வெளியே போயின. பணம் மட்டும் உள்ளே வரவில்லை, ஏனென்றால் அது போன வருடமே வந்து, லாபம் என்று பெயர் வாங்கி, போனஸாகப் பிரிந்தும் போயிருந்தது. தணிக்கைக்கு வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தம்பி, நெய்யாத சேலைக்கு லாபம் எழுதியிருக்கிறாயே, அதை யாருக்காவது கட்டிவிட்டுக் காட்டு பார்ப்போம்" என்றார். சால்வை இன்னும் வீட்டில் இருக்கிறது. போர்த்திக்கொண்டதில்லை.

கேள்வி: மார்ச் 31 அன்று தறியில் சேலை பாதியில் நிற்கிறது. கணக்கில் எப்படிக் காட்டுவது?
– அதே அய்யம்பேட்டை, வேறு வாசகர்

இறுதி இருப்பு. அதுவரை இறங்கிய பட்டு, சரிகை, கொடுத்த கூலி, இவை என்ன ஆனதோ அந்த மதிப்பு. விற்கும் விலையைப் போடாதீர்கள். பாவில் இன்னும் நெய்யாமல் சுற்றியிருக்கும் இரண்டு சேலைக்கான பட்டையும் சேர்க்க மறக்காதீர்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

கேள்வி: சங்கத்தில் பிடித்தம் போகக் கையில் வருவது ஒரு தொகை. தீபாவளிக்குப் போனஸ். பங்குக்கு ஈவுத்தொகை. இதில் எது என் வருமானம்?
– சங்க உறுப்பினர், முத்தியால்பேட்டை

எல்லாமே. பிடித்தத்துக்கு முந்தைய கூலி முழுசும் வருமானம். பிடித்தம் என்பது உங்கள் பணத்தை உங்கள் பெயரில் வேறு பெட்டியில் போடுவது. போனஸ் கைக்கு வந்தது, ஈவு முதலுக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். "சங்கம் லாபத்தில் ஓடுகிறது" என்று ஆண்டறிக்கையில் வந்தால், முதலில் இருப்புப் பட்டியலைக் கேளுங்கள். விற்காத சேலைகள் இரண்டு வருடமாக முழு விலையில் இருப்பில் இருந்தால் அந்த லாபம் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறது என்று பொருள். மடிப்பு உடைந்து சேலை இழை விடும்போது லாபமும் சேர்ந்து விடும். பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். டிபன் பொட்டலம் வாங்க மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: பாட்டியின் பழைய பட்டுச் சேலைகள் நான்கைச் சரிகைக்காக வாங்குபவரிடம் கொடுத்தேன். நல்ல தொகை வந்தது. வரி உண்டா?
– இல்லத்தரசி, பெரிய காஞ்சிபுரம்

கிடையாது அம்மா. வீட்டில் கட்டிய துணிமணி சொந்த உபயோகப் பொருள், மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. நகையை விற்றிருந்தால் கதை வேறு.

நான்கையுமா கொடுத்தீர்கள்? ஒன்றை வைத்திருக்கலாம்.

கேள்வி: ஆடிட்டர் "8 சதவீதம் லாபம் காட்டினால் போதும்" என்கிறார். அப்படியானால் எனக்கு லாபம் 8 சதவீதம்தானா?
– சிறு உற்பத்தியாளர், சேக்குப்பேட்டை

உங்கள் ஆடிட்டர் சட்டத்தைச் சொன்னார். நீங்கள் ஜோசியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, 2 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரி விரிவாகக் கணக்கு எழுத வேண்டாம், விற்றுமுதலில் 8 சதவீதத்தை லாபமாக வைத்துக்கொள்கிறோம் என்றது. பேங்க் வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண் வேறு, ஏற்பாடு மாறவில்லை. அது கணக்கு எழுதாதவனுக்குச் சட்டம் போட்ட உத்தேசம். எதிரில் உட்கார்ந்திருப்பவனின் வயதை முகம் பார்த்து எழுதுவது மாதிரி. உங்கள் பிறந்த தேதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? உங்கள் நிஜ லாபம் 3ஆக இருக்கலாம், 15ஆக இருக்கலாம். 3 என்றால் ஒவ்வொரு சேலைக்கும் கிடைக்காத லாபத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கு எழுதுங்கள்.

கேள்வி: வெளியூர்க்காரர்களைக் கோயில் பார்க்க அழைத்துப்போய்ப் பிறகு பட்டுக்கடையில் விடுவேன். கடை கமிஷன் தரும். இது அன்பளிப்புதானே?
– ஆட்டோ ஓட்டுநர்

அன்பு எங்கே இருந்தது இதில்? வருமானம்தான். கமிஷனுக்கு மேலே சொன்ன 8 சதவீதச் சலுகையும் கிடையாது. பெட்ரோலுக்குப் பில் வாங்கி வையுங்கள், அதைக் கழிக்கலாம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று தள்ளிவிடும் கடைக்கு மட்டும் வண்டியைத் திருப்பாதீர்கள், கமிஷன் இரண்டு மடங்கு என்றாலும்.

கேள்வி: 2019இல் அத்தி வரதர் தரிசனத்தின்போது எங்கள் டிபன் கடையில் அப்படி ஒரு லாபம். அதைக் காட்டி பேங்கில் கடன் வாங்கி மாடி கட்டினேன். இன்றுவரை தவணை கட்ட முடியவில்லை. என் வருமானம் ஏன் குறைந்தது?
– டிபன் கடைக்காரர்

குறையவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். அதற்கு முன் பெருமாள் குளத்திலிருந்து எழுந்து வந்தது 1979இல். அடுத்தது 2059. நாற்பது வருடத்துக்கு ஒரு முறை வரும் வரவை மாத வருமானமாக எழுதிக் கொடுத்தீர்கள், பேங்க்காரரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமே கொரோனா வந்து கடைக்கே பூட்டு. போனதை விடுங்கள். மாடியை வாடகைக்கு விட்டு அந்த வாடகையை நேராகத் தவணைக்குத் திருப்புங்கள். பேங்கில் போய் தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள், ஒளிந்துகொள்ளாதீர்கள். இதற்கெல்லாம் வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

கேள்வி: "கோயில் உண்டியல் வருமானம் இத்தனை லட்சம்" என்று பேப்பரில் போடுகிறார்கள். சாமிக்கு எப்படி வருமானம் வரும்?
– பக்தர், ஏகாம்பரநாதர் சன்னதி தெரு

நல்ல கேள்வி. உண்டியலில் விழுவது காணிக்கை. கணக்கில் அது வரவு. செலவு போக மிஞ்சினால் மிச்சம் என்று சொல்லலாம், லாபம் என்று சொல்லக் கூடாது. லாபம் என்றால் அதை வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு முதலாளி வேண்டும். இங்கே முதலாளி மூலஸ்தானத்தை விட்டு நகர்வதில்லை.

கோயில் கணக்குக்கு வருடமே வேறு. கடைக்கு ஏப்ரல் 1 என்றால் அறநிலையத் துறைக் கோயில்களுக்குப் பசலி ஆண்டு, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. அறுவடைக்குத் தோதாக வரி வசூலிக்க முகலாயர் காலத்தில் வந்த கணக்கு. பெருமாளும் ஈஸ்வரனும் இன்னும் அதில்தான் வரவு வைக்கிறார்கள்.

இந்த ஊரில் கோயில் பணமும் தறிக்காரர் பணமும் ஒன்றாகப் புழங்கியது நேற்று இன்று இல்லை. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு. ஊரகம் கோயிலைப் பற்றியது, அதாவது நம் உலகளந்த பெருமாள். கோயிலின் பொன்னை ஊரிலிருந்த நெசவாளர் சேரிகளில் முதலாகக் கொடுத்து, அதில் வரும் பொலிசையைப் பூஜைக்கு வைத்திருக்கிறார்கள். ஊரில் சரக்கு நிறுப்பதற்கும் அளப்பதற்கும் வாங்கிய கட்டணமும் கோயிலுக்கு. அதன் பெயர் கோல்நிறைக் கூலி, கால்அளவு கூலி. பாருங்கள், அன்றைக்குக் கோயிலே கூலி வாங்கியிருக்கிறது. கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பட்டசாலியர் என்ற நெசவாளரிடம். முதல் கொடுத்தவருக்குப் பொலிசை, முதல் வாங்கி நெய்தவருக்கு மீதி, இரண்டும் செப்பில் வெட்டித் தெளிவாக இருந்தது. நம் ஆட்கள் இன்று ஒரு சீட்டில்கூட எழுதுவதில்லை.

பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள், தேர்தல் தேர்தல் என்கிறார்கள். கணக்கர்கள் பார்க்க வேண்டிய வரி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. உறவினர்களும்! இதை மட்டும் இன்று ஊர்ச் சங்கங்களில் அமல்படுத்தினால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், வம்பு.

கேள்வி: வருவாய்த் துறையும் வருமான வரித் துறையும் ஒன்றுதானே?
– வாசகர், உத்திரமேரூர்

இல்லை. முன்னது மாநிலம், பட்டா, சிட்டா, தாசில்தார். பின்னது மத்திய அரசு. பட்டா மாற்ற வருமான வரி ஆபீஸில் போய் நின்றவரை எனக்குத் தெரியும். இலங்கையில் வரி வாங்குகிற அலுவலகத்துக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்று பெயர். அங்கே இந்தக் குழப்பம் வராது.

கேள்வி: மகளின் உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்துக்குப் போனேன். படிவத்தில் "தந்தை: நெசவு, ஆண்டு வருமானம்" என்று கேட்டு எழுதினார்கள். "தாய்: இல்லத்தரசி, வருமானம் இல்லை" என்று அவர்களாகவே போட்டார்கள். என் மனைவி தினமும் ஐந்து மணி நேரம் தார் சுற்றுகிறாள். எதிர்வீட்டுத் தறிக்கும் கூலிக்குச் சுற்றித் தருகிறாள். "விடுங்க, எழுதினா வருமானம் ஏறிடும்" என்கிறாள். என்ன செய்ய?
– நெசவாளர், பிள்ளையார்பாளையம்

எதிர்வீட்டுக்குச் சுற்றும் கூலி அவருடைய வருமானம், எழுதத்தான் வேண்டும். மாதம் எவ்வளவு என்று அவரையே கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. பன்னிரண்டால் பெருக்கி உங்கள் தொகையோடு கூட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தொகைக்கு இதைச் சேர்த்தாலும் உதவித்தொகையின் உச்சவரம்பைத் தொடாது. பயப்படாமல் "தாய்: தார் சுற்றுதல்" என்று போடச் சொல்லுங்கள். மையத்தில் இருக்கும் பையனுக்குத் தார் என்றால் ரோடு போடும் தார்தான் தெரியும். பொறுமையாக விளக்குங்கள், அல்லது வீட்டம்மாவையே கூட்டிப்போங்கள்.